அறைக்குள் கிளிப்பச்சை

பளீரென்ற பச்சையை வீட்டின் உட்சுவருக்கு அடிக்கலாமா என்று கேட்டால், கேட்ட இடத்திலேயே இரண்டு கட்சி பிரிந்துவிடும். கண்ணுக்குக் குளிர்ச்சி, மனதுக்கு அமைதி என்று ஒரு கட்சி. கண்ணைக் குத்தும், ஆறு மாதத்தில் அலுத்துப்போகும் என்று மறு கட்சி. இரண்டு பக்கமும் சாட்சிக்கு ஆள் உண்டு. ஒரே கம்பெனியின் ஒரே எண்ணுள்ள ஷேடை அடித்து மகிழ்ந்தவரும் இருக்கிறார். அடித்த வாரமே பெயிண்டரைத் திரும்பக் கூப்பிட்டவரும் இருக்கிறார். இதை வெறும் ரசனை வேறுபாடு என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. சுவரின் நிறத்தில் ஒரு பங்குதான் டப்பாவிலிருந்து வருகிறது. மீதியை அந்த அறையின் வெளிச்சமும் அளவும் தரையும் எதிர்ச்சுவரும் சேர்ந்து போடுகின்றன. எல்லா நிறத்துக்கும் இது பொருந்தும் என்றாலும், பளிச்சென்ற பச்சையிடம் அறையின் கை மிகவும் ஓங்கி நிற்கிறது. அதைக் கணக்கில் எடுத்தவர்களுக்குப் பச்சை வாய்த்தது, எடுக்காதவர்களைப் படுத்தியது.

முதலில் எந்தப் பச்சை என்று தெளிவாக்கிக்கொள்வோம். வாழைக்குருத்து, மாம்பிஞ்சு, கிளி, பாசி, மயில்கழுத்து என்று நம்மிடம் பச்சைக்கு உறவுகள் பல. பாசிப்பச்சை கறுப்பு கலந்தது. மயில்கழுத்து நீலத்தின் பக்கம் சாய்ந்தது. ஆஸ்பத்திரிச் சுவரில் பார்ப்பது வெள்ளையும் சாம்பலும் கலந்த நீலப்பச்சை. இங்கே பேச்சு கிளிப்பச்சையைப் பற்றியது: கொஞ்சம் மஞ்சள் கலந்தது, வெள்ளை அதிகம் கலக்காதது, தூரத்திலிருந்தே கண்ணை அழைப்பது. பான்டோன் நிறுவனம் ‘கிரீனரி’ என்ற பெயரில் 2017ஆம் ஆண்டின் நிறமாக அறிவித்ததும் ஏறக்குறைய இந்த இனம்தான்.

பச்சை அறையைப் பற்றிய சண்டை பழையது. 1810இல் வெளிவந்த தன் நிறக்கோட்பாட்டு நூலில் ஜெர்மானியக் கவிஞர் கதே, மனிதர்கள் எப்போதும் புழங்குகிற அறைக்குப் பச்சையே ஏற்றது என்ற கருத்தை முன்வைத்தார். மஞ்சளும் நீலமும் சமமாகக் கலந்த இடத்தில் கண் இளைப்பாறுகிறது என்பது அவருடைய வாதம். நூறு ஆண்டுகள் கழித்து ஓவியர் காந்தின்ஸ்கி அதே அமைதியைக் குறையாகச் சொன்னார். அசைவில்லாத, தன்னிறைவில் கொழுத்த நிறம் என்று பச்சையை ஒதுக்கினார். இருவர் பேசியதும் நடுநிலைப் பச்சையைப் பற்றித்தான். கிளிப்பச்சை அந்த நடுநிலையிலிருந்து மஞ்சளின் பக்கம் நகர்ந்துவிட்டது. அதற்கு அமைதி என்ற குணத்தையும் சோம்பல் என்ற குற்றத்தையும் சேர்த்தே மறுக்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டனுக்கு இந்தத் தயக்கமெல்லாம் இல்லை. வர்ஜீனியா மாநிலம் மவுன்ட் வெர்னனில் உள்ள தன் வீட்டின் சிறிய சாப்பாட்டு அறைக்கு 1785இல் அவர் வெர்டிக்ரி என்ற செப்புப் பச்சையை அடிக்கவைத்தார். செம்புத் தகட்டைப் புளித்த காடியின் ஆவியில் வைத்தால் மேலே படரும் களிம்பிலிருந்து எடுப்பது அது. அன்று விலை கூடிய சாயம். விருந்தாளிகள் கண்ணில் பட வேண்டும் என்று நினைத்தவர்கள் அடித்தது. பிற்காலத்தில் அதன்மேல் பல பூச்சுகள் ஏறின. ஏறக்குறைய 1980இல் அடுக்கு அடுக்காகச் சுரண்டி ஆராய்ந்து பழைய நிறத்தை மீட்டபோது வந்த பச்சையைப் பார்த்துப் பலர் திடுக்கிட்டார்கள். 18ஆம் நூற்றாண்டு வீடு என்றால் வெளிறிய நிறம்தான் என்று அவர்கள் பழகியிருந்தார்கள். அந்த அறைக்கு இரவில் கிடைத்தது மெழுகுவர்த்தி வெளிச்சம் என்பதை நினைத்துப் பார்த்தால் அதிர்ச்சி குறையும். மெழுகுவர்த்தியின் ஒளி மிகவும் மங்கல்; நிறமோ செம்மஞ்சள். அந்த வெளிச்சத்தில் இளம்பச்சை சாம்பலாகத் தெரியும். பச்சை பச்சையாகவே தெரிய வேண்டுமென்றால் அவ்வளவு அழுத்தம் வேண்டியிருந்தது. இன்று 20 வாட் எல்.இ.டி. பட்டிவிளக்கின் கீழ் அதே அழுத்தத்தைக் கொண்டுவந்து வைத்தால் கதை வேறு.

வெர்டிக்ரிக்கு மாற்றாக மலிவான பச்சையைத் தேடிப் போனவர்கள் போய்ச் சேர்ந்த இடம் பயங்கரமானது. ஸ்வீடன் வேதியியலாளர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே 1775இல் செம்பையும் ஆர்சனிக்கையும் சேர்த்து ஒரு பச்சையை உண்டாக்கினார். 1814இல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரில் அதைவிடப் பளிச்சென்ற, நிலைத்து நிற்கும் மற்றொரு செம்பு-ஆர்சனிக் பச்சை வணிகத்துக்கு வந்தது. எமரால்டு பச்சை, பாரிஸ் பச்சை என்று பல பெயர்களில் அது ஐரோப்பா முழுவதும் பரவியது. சுவரொட்டுத்தாள், திரைச்சீலை, செயற்கைப் பூ, குழந்தைகளின் பொம்மை எல்லாவற்றிலும் அது ஏறியது. தொழிற்சாலைப் புகையில் கறுத்துக்கிடந்த நகரத்து மக்கள் நடுத்தர வீட்டுக்குள்ளும் தளிர்ப்பச்சையைக் கொண்டுவர முடிந்த காலம் அது. அந்த ஆசையைக் குறைசொல்ல எனக்குத் தோன்றவில்லை. விற்றவர்கள் எச்சரிக்கைகளைக் கேட்காததுதான் குற்றம்.

எச்சரிக்கைகள் வந்துகொண்டே இருந்தன. 1862இல் லண்டன் லைம்ஹவுஸ் பகுதியில் ஒரே வீட்டுக் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தபோது, அவர்கள் அறையின் பச்சைத் தாளில் இருந்த ஆர்சனிக் விசாரணைக்கு வந்தது. 1874இல் மிச்சிகனைச் சேர்ந்த மருத்துவர் ராபர்ட் கெட்சி ஆர்சனிக் கலந்த சுவர்த்தாள் துண்டுகளையே பக்கங்களாகத் தைத்து 100 பிரதிகள் செய்து அந்த மாநில நூலகங்களுக்கு அனுப்பினார். ‘மரணச் சுவர்களின் நிழல்கள்’ என்பது அதன் பெயரின் பொருள். தொட்டால் கையில் நஞ்சு ஒட்டும் என்பதால் பின்னாளில் நூலகங்கள் பெரும்பாலானவற்றை அழித்துவிட்டன. எஞ்சியவை மிகச் சில. 1890களில் இத்தாலிய ஆய்வாளர் பார்த்தலோமியோ கோஸியோ, ஓதமேறிய சுவரில் வளரும் ஒரு வகைப் பூஞ்சணம் ஆர்சனிக்கை வாயுவாக மாற்றுவதைக் கண்டார். அந்த வாயுதான் ஆளைக் கொன்றதா, உதிர்ந்த தூசியே போதுமானதாக இருந்ததா என்பதில் பிற்கால வேதியியலாளர்கள் ஒத்துப்போகவில்லை. செயின்ட் ஹெலினா தீவில் நெப்போலியன் 1821இல் இறந்த வீட்டின் சுவர்த்தாளில் ஆர்சனிக் இருந்ததை 1982இல் ஒரு சோதனை உறுதிசெய்தது. அவர் சாவுக்கு அதைக் காரணமாக்கிய கதைகள் அதற்குப் பிறகு பெருகின. ஆனால் பிரேதப் பரிசோதனை சுட்டுவது வயிற்று நோயைத்தான்.

வில்லியம் மோரிஸின் பெயரும் இதில் வருகிறது என்பது எனக்கு வருத்தம். கையால் செய்த அழகுக்காகவும் உழைப்பாளியின் மதிப்புக்காகவும் வாழ்நாளெல்லாம் வாதாடிய வடிவமைப்பாளர் அவர். அவருடைய குடும்பச் சொத்து, செம்பும் ஆர்சனிக்கும் எடுத்த டெவன் கிரேட் கன்சால்ஸ் என்ற சுரங்கத்தின் பங்குகளிலிருந்து வந்தது. 1875 வரை அவர் அதன் இயக்குநர்களில் ஒருவர். அவருடைய ஆரம்பகாலச் சுவர்த்தாளின் பச்சையில் ஆர்சனிக் இருந்ததை 2003இல் ஒரு பிரிட்டிஷ் வேதியியலாளர் சோதித்துக் காட்டினார். மருத்துவர்கள் வீண்பீதி கிளப்புகிறார்கள் என்றே மோரிஸ் 1885இலும் எழுதினார். பிரிட்டனில் இத்தகைய தாளைத் தடைசெய்யச் சட்டம் வரவே இல்லை. வாங்குபவர்கள் பயந்து ஒதுங்கியதால்தான் சந்தை மாறியது. பாரிஸ் பச்சை தன் உண்மையான வேலைக்குப் போனது. அமெரிக்க உருளைக்கிழங்கு வயல்களில் பூச்சிமருந்தாகவும், 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மலேரியா ஒழிப்பில் நீர்நிலைகளில் தூவும் கொசுப்புழு நஞ்சாகவும் அது பயன்பட்டது.

இன்றைய பெயிண்ட்டில் அந்த ஆர்சனிக் இல்லை. 1859இல் பிரான்சில் வேதியியலாளர் கீன்யே காப்புரிமை பெற்ற குரோமியப் பச்சை, நஞ்சில்லாத நல்ல பச்சைக்கு வழி திறந்தது. பெரிய மாற்றம் 1930களில் வந்தது. ஸ்காட்லாந்தின் கிரேஞ்ச்மவுத் ஆலையில் 1928இல் தற்செயலாகக் கண்ணில்பட்ட ஒரு நீலப் படிவு, செம்பு-தாலோசயனின் என்ற நிறமிக் குடும்பத்துக்கு இட்டுச் சென்றது. அந்த நீலத்தின் மூலக்கூறில் குளோரினைப் புகுத்தினால் பச்சை. புரோமினும் சேர்ந்தால் இன்னும் மஞ்சள் சாயல். கடையின் டிண்டிங் மெஷினில் பச்சை என்று சொட்டுவது பெரும்பாலும் இந்தக் குடும்பம்தான். வெயிலுக்கும் சுண்ணாம்பின் காரத்துக்கும் அசையாது. பிரஷ்ய நீலம் கலந்த பழைய பச்சைகள் ஈரச் சுண்ணாம்புச் சுவரில் சிதைந்து பழுப்பாகத் திட்டுத் திட்டாய் மாறும், இது மாறாது. ஆக, வரலாற்றில் முதன்முறையாக எந்த ஏழை வீட்டுக்கும் நஞ்சில்லாத, மங்காத, மலிவான பளீர்ப் பச்சை கிடைக்கிறது. பிரச்சினை வேதியியலிலிருந்து ஒளிக்கு இடம் மாறிவிட்டது.

கண்ணிலிருந்து தொடங்கலாம். பகல் வெளிச்சத்தில் மனிதக் கண் மிக அதிகமாக உணர்வது 555 நானோமீட்டர் அலைநீளத்தை. அது மஞ்சள் சாய்ந்த பச்சை, அதாவது கிளிப்பச்சையின் அண்டைவீடு. அதனால் இந்த நிறத்துக்கு ஓர் அரிய குணம் வாய்க்கிறது. அழுத்தமான சிவப்பும் அழுத்தமான நீலமும் இருண்டவை; விழுகிற ஒளியில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். கிளிப்பச்சையோ அழுத்தமாகவும் இருக்கும், வெளிச்சமாகவும் இருக்கும். நிறைய ஒளியைத் திருப்பியடிக்கும், அப்படி அடிக்கும் ஒளியில் பச்சையே மிகுதி. மஞ்சளுக்கும் இதே குணம் உண்டு. ஆனால் மஞ்சள் ஒளி நம் தோலுக்கு இணக்கமானது. பச்சை ஒளி அப்படியல்ல.

நான்கு சுவரும் பச்சை அடித்த அறையில் என்ன நடக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பெயிண்ட் பச்சை ஒளியில் 60 சதவீதத்தையும் சிவப்பு ஒளியில் 30 சதவீதத்தையும் திருப்பியனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷேடு கார்டில் நீங்கள் பார்ப்பது இந்த இரண்டுக்கு ஒன்று என்ற விகிதம். அறையில் ஒரு சுவரிலிருந்து புறப்பட்ட ஒளி எதிர்ச்சுவரில் மோதித் திரும்பும்போது பச்சை 36 சதவீதம், சிவப்பு 9 சதவீதம்: நான்குக்கு ஒன்று. மூன்றாவது மோதலில் எட்டுக்கு ஒன்று. நம் கண்ணுக்கு வந்து சேர்வது இந்த எல்லா மோதல்களின் கலவை. கார்டில் சாதுவாக இருந்த நிறம் சுவரேறியதும் கத்துவதற்குக் காரணம் இதுதான். கடைக்காரர் ஏமாற்றவில்லை, பெயிண்டர் தவறாகக் கலக்கவில்லை. அறையே தன் நிறத்தைப் பெருக்கிக்கொண்டது. மூலைகளில் இது தெளிவாகத் தெரியும். இரண்டு சுவர் சந்திக்கும் இடம் மற்ற இடத்தைவிடக் கூடுதல் பச்சையாக ஊறிக்கிடக்கும்.

இதே கிளிப்பச்சை நம் ஊர்களின் வெளிச்சுவர்களில் ஏன் அவ்வளவு பொருந்தி நிற்கிறது என்பதற்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. தெருவில் நிற்கும் வீட்டின் முகப்புக்கு எதிர்ச்சுவர் இல்லை. அதில் பட்ட ஒளி வானத்துக்குப் போய்விடுகிறது. உச்சி வெயிலில் இளநிறங்கள் எல்லாம் வெளுத்து ஒன்றுபோலத் தெரியும்போது அழுத்தமான நிறம்தான் தாக்குப்பிடிக்கும். முகப்பில் அழகாக இருக்கிறதே என்று மிஞ்சிய டப்பாவைப் படுக்கையறைக்குள் கொண்டுபோகும் பழக்கம் நம்மிடம் உண்டு. அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

சிக்கலில் மோசமானது முகம். பச்சைச் சுவரிலிருந்து திரும்பும் ஒளி பக்கத்தில் நிற்பவர் கன்னத்தில் விழுகிறது. மனிதத் தோல் எந்த நிறமானாலும் அதன் உயிர்ப்பு சிவப்பில் இருக்கிறது. அந்தச் சிவப்பைப் பச்சை ஒளி தின்றுவிடும். ஆள் நோயில் விழுந்து எழுந்தவர்போலத் தெரிவார். கோடம்பாக்கத்தில் பச்சைத் திரைக்கு முன்னால் படமெடுப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். நடிகரின் தோளிலும் தலைமுடி ஓரத்திலும் பச்சை வழிவதை ‘ஸ்பில்’ என்பார்கள். அதைத் தவிர்க்கவே ஆளைத் திரையிலிருந்து தள்ளி நிறுத்துவார்கள். வீட்டில் தள்ளி நிற்க இடமேது? கண்ணாடி பார்த்துத் தலைவாரும் அறைக்கும், குளியலறைக்கும், சாப்பாடு பரிமாறும் மேசையை ஒட்டிய சுவருக்கும் இந்த நிறம் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. குழம்பின் செம்மை மங்கிப்போனால் பசியும் கொஞ்சம் மங்கும்.

வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பது அடுத்தது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எழுதப்படும் அலங்காரப் புத்தகங்கள் வடக்குப் பார்த்த அறையை வெயிலே காணாத குளிர் அறை என்று கொண்டு நிறம் சொல்கின்றன. அந்த அறிவுரையை அப்படியே எடுத்து இங்கே அடிக்கிறார்கள். நம் நிலம் அதற்கு ஒத்துவராது. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மத்தி வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கிறது. தெற்கே போகப்போக அந்தக் காலம் இன்னும் நீளும். வடக்கு ஜன்னல்கள் அக்கினி நட்சத்திரத்தில் வெயில் பார்க்கும். மார்கழியில் தெற்கு அறைக்குள் வெயில் வெகுதூரம் நுழையும். மேற்குச் சுவரில் ஜன்னல் உள்ள அறையில் மாலைச் செவ்வொளி பட்டால் கிளிப்பச்சை வாடிய இலையின் பழுப்புக்கு இறங்கும். காலை வெயில் வரும் கிழக்கு அறையில்தான் இது தளிர்போல ஒளிரும். ஜன்னலுக்கு வெளியே வேம்போ தென்னையோ அடர்ந்து நின்றால் உள்ளே வரும் ஒளியே பச்சை வடிகட்டியது. அதற்குமேல் பச்சைச் சுவர் வேண்டியதில்லை. வெட்டவெளி மொட்டைமாடியைப் பார்க்கும் அறைக்கு அதே நிறம் வரம்.

இரவில் விளக்கு ஆட்சி. பழைய பாதரச டியூப்லைட்டின் ஒளியில் 546 நானோமீட்டரை ஒட்டி ஒரு கூர்மையான பச்சைக் கோடு உண்டு. அதன் கீழ் பச்சைச் சுவர் இன்னும் ஒரு படி ஏறும். ஒரு காலத்தில் டியூப்லைட் போட்ட பச்சை ஹால்களைப் பற்றி இருந்த வெறுப்பில் பாதி அந்த விளக்கால் வந்தது என்று நினைக்கிறேன். 2700 கெல்வின் மஞ்சள் விளக்கு பச்சையை மஞ்சளுக்கு இழுத்துத் தணிக்கும். 6500 கெல்வின் வெள்ளை விளக்கு, அதுவும் நிறங்காட்டும் திறன் குறைந்த மலிவு எல்.இ.டி., அதைக் கடுமையாக்கும். பெட்டியில் நிறங்காட்டும் திறனைக் குறிக்கும் சி.ஆர்.ஐ. 90 என்று போட்ட, 3000 முதல் 4000 கெல்வினுக்குள் உள்ள விளக்கைத் தேடி வாங்குவது இந்த அறைகளில் வீண்செலவல்ல.

மனதுக்கு என்ன செய்கிறது என்ற கேள்விக்கு வருவோம். இந்தப் பகுதியில்தான் வாய்க்கு வந்ததெல்லாம் எழுதப்படுகிறது. ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் 1984இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரையை எல்லோரும் சாட்சிக்கு அழைப்பார்கள். பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களில் ஜன்னல் வழியாக மரம் பார்த்த 23 பேர், செங்கல் சுவரைப் பார்த்த 23 பேரைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள் என்பது அதன் முடிவு. அவர்கள் பார்த்தது மரம், பச்சை பெயிண்ட் அல்ல. 2012இல் ஜெர்மனியில் நடந்த ஒரு சோதனையில் பச்சையைச் சில வினாடிகள் பார்த்தவர்கள் புதிதாக யோசிக்கும் வேலையைச் சற்று நன்றாகச் செய்தார்கள். அதுவும் சுவரில் பார்த்த பச்சை அல்ல. வால்டெஸும் மெஹ்ராபியனும் 1994இல் வெளியிட்ட ஆய்வு இந்த விவாதத்துக்கு நேரடியாக உதவுகிறது. நிறத்தின் பெயரைவிட அதன் அழுத்தமும் வெளிச்சமும்தான் உணர்ச்சியைக் கூடுதலாக மாற்றுகின்றன என்று அவர்கள் கண்டார்கள். பச்சை, நீலப்பச்சை, மஞ்சள்பச்சை ஆகியவை மனதைத் தூண்டும் வரிசையில் மேலே இருந்தன. மஞ்சள்பச்சை இனிமையில் கீழே இருந்தது. அமைதிக்காகக் கிளிப்பச்சை அடிக்கிறேன் என்பவரின் வாதத்துக்கு இது நேர் எதிர். உண்மையான அறைகளில் ஆட்களை உட்காரவைத்துப் பார்த்த நான்சி க்வாலெக் குழுவினர் 1990களில் செய்த ஆய்வுகளோ, சூழலின் தொந்தரவை ஒதுக்கி வேலை செய்யும் திறன் ஆளுக்கு ஆள் மாறுவதால் நிறத்தின் விளைவும் மாறுகிறது என்று காட்டின.

அப்படியானால் பச்சைக்கு அமைதிப் பட்டம் எங்கிருந்து வந்தது? ஒரு வழி அறுவை அரங்கு. 1914இல் சான் பிரான்சிஸ்கோ மருத்துவர் ஹாரி ஷெர்மன், வெள்ளைச் சுவரின் கூச்சத்தால் காயத்தின் நுண்ணிய நிறங்கள் தெரியவில்லை என்று தன் அரங்குக்குக் கீரைப்பச்சை அடிக்கவைத்தார். இரத்தத்தின் சிவப்பை நெடுநேரம் பார்த்த கண்ணுக்கு எதிர்நிறமான பச்சையே ஓய்வு. அது மருத்துவருக்கான கணக்கு, நோயாளிக்கானது அல்ல. பின்னர் அந்தப் பச்சை வெளுத்து வார்டுகளுக்கும் அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் பரவியது. நம் அரசு மருத்துவமனைகளில் இடுப்பளவு எண்ணெய்ப் பெயிண்டும் மேலே டிஸ்டெம்பருமாக நிற்கும் சுவர் அந்த வழி வந்ததுதான்.

நமக்கு இன்னொரு வழியும் உண்டு, அதை நான் பெரிதாக மதிக்கிறேன். மதுரை மீனாட்சியின் திருமேனி பச்சை. சித்திரைத் திருவிழாவில் அழகர் பச்சைப் பட்டுடுத்தி வைகையில் இறங்கினால் அந்த வருடம் விளைச்சல் செழிக்கும் என்பது தென்மாவட்டங்களின் நம்பிக்கை. கீழக்கரையிலும் நாகூரிலும் பச்சை தொழுகையோடும் தர்காவோடும் சேர்ந்தது. நவகிரகங்களில் புதனுக்கு உரிய நிறமும் இதுவே. இப்படி நல்லதோடு சேர்ந்து வந்த நிறத்தை, வீட்டை அழகுபடுத்தும் பத்திரிகைகள் சொல்லும் சாம்பலுக்காகவும் பழுப்பு வெள்ளைக்காகவும் விட்டுவிட வேண்டியதில்லை. அடிக்க ஆசைப்படுபவருக்கு அந்த ஆசையே போதுமான காரணம். எத்தனை சுவருக்கு என்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

ஒரு சுவர் என்றால் கணக்கு முழுதாக மாறுகிறது. எதிரே வெள்ளையோ சந்தன நிறமோ இருந்தால் பச்சை ஒளி அங்கே போய்ப் பெருகாமல் மற்ற நிறங்களோடு கலந்து திரும்பும். ஜன்னல் உள்ள சுவரிலேயே அடித்தால் நேர் வெளிச்சம் அதில் விழாததால் நிறம் ஒரு படி அடங்கித் தெரியும். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் அடித்தால் முழுக் குரலில் பேசும். நான் பரிந்துரைப்பது நாம் தங்காத, கடந்துபோகிற இடங்களை: ரேழி, மாடிப்படிச் சுவர், சமையலறையில் டைல்ஸுக்கு மேலே உள்ள பட்டை, திண்ணையை ஒட்டிய உட்சுவர், அலமாரியின் உட்புறம், சுவரில் குடைந்த மாடம். விளக்கு வைக்கும் மாடத்துக்குள் மட்டும் கிளிப்பச்சை அடித்து, பித்தளை விளக்கை ஏற்றிவைத்தால் அதன் மஞ்சள் ஒளி பச்சையைத் தணித்துப் பொன்னாக்கும். படிக்கும் மேசைக்கு எதிரே வேண்டாம். நாற்காலியின் முதுகுப்புறச் சுவராக இருக்கட்டும்.

பக்கத்தில் எது இருக்கிறது என்பதில் நம் பழைய வீடுகள் கெட்டிக்காரத்தனமானவை. சிவப்பு ஆக்சைடு தரையும் தேக்கு நிலையும் பச்சைக்கு எதிர்நிறத்தின் பக்கம் நிற்பவை. ஆத்தங்குடிக் கற்களில் சிவப்பும் பச்சையும் மஞ்சளும் ஒரே பூவுக்குள் சண்டையில்லாமல் இருப்பதும் இதனால்தான். பாரிஸின் கோப்லாங் சீலைநெசவு ஆலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாளராக இருந்த ஷெவ்ரல் 1839இல் நூலாக எழுதிவைத்த விதி இதை விளக்குகிறது: ஒரு நிறம் பக்கத்து நிறத்தைத் தன் எதிர்நிறத்தின் பக்கம் தள்ளும். பச்சைச் சுவரை ஒட்டிய தேக்கு இன்னும் செம்மையாகும், வெள்ளை நிலைச்சட்டம் லேசாக ரோஜா நிறம் காட்டும். இன்றைய வீடுகளில் வினை வழவழப்பான விட்ரிஃபைடு தரையால் வருகிறது. அது கண்ணாடிபோல் சுவரைப் பிரதிபலித்து ஐந்தாவது பச்சைச் சுவராகிவிடும். பெரிய ஜமுக்காளம் ஒன்றை விரித்தால் பாதி தீரும். தொட்டிச் செடிகளைப் பச்சைச் சுவர் முன் வைப்பவர்கள் செடியை இழக்கிறார்கள். இலையின் அழகு தெரிய வெள்ளைப் பின்னணி வேண்டும்.

கடையில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. இளநிறங்கள் வெள்ளை பேஸில் கலக்கப்படுகின்றன. அதிலுள்ள டைட்டானியம் டை ஆக்சைடு சுவரை மூடிவிடும். அழுத்தமான கிளிப்பச்சையைக் கிளியர் பேஸில்தான் கலக்க முடியும். அதில் மூடும் சக்தி குறைவு. இரண்டு கோட்டில் முடிப்பேன் என்று பேசிய பெயிண்டர் நான்காவது கோட்டிலும் திட்டு தெரிகிறதே என்று நிற்பது இதனால். பிரைமருக்கு மேல் அதே குடும்பத்து நடுத்தரப் பச்சையை வெள்ளை பேஸில் ஒரு கோட் ஓட்டி, அதன்மேல் கிளிப்பச்சையை அடித்தால் செலவும் குறையும், பரப்பும் சீராகும். பளபளப்பு வேண்டாம், பட்டி சரியாகப் பார்க்காத சுவரின் மேடுபள்ளத்தை அது காட்டிக்கொடுக்கும். புதுச் சுவரானால் பூச்சு நன்றாகக் காய 28 நாளாவது விட வேண்டும், இல்லாவிட்டால் உப்புப் பூத்த வெள்ளைத் திட்டு பச்சையில் பளிச்சென்று தெரியும்.

ஷேடைத் தேர்ந்தெடுக்கும்போது கார்டில் பிடித்ததற்கு ஒன்றிரண்டு படி வெளிறியதை, கொஞ்சம் சாம்பல் கலந்ததை எடுப்பது நல்லது. அறை அதை மேலே ஏற்றிக்கொள்ளும். பழைய சுவரில் கையளவு அடித்துப் பார்ப்பது பயன் தராது. சுற்றியிருக்கும் பழைய நிறம் கண்ணைக் குழப்பும். இரண்டடிக்கு இரண்டடி அட்டை இரண்டில் அடித்து, அவற்றை மூலையில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிறுத்துங்கள். ஒன்றின் ஒளி மற்றொன்றில் மோதுவதால், அறை முழுக்க அடித்தால் எப்படி ஊறும் என்பது அந்த மூலையில் முன்கூட்டியே தெரியும். காலை, மாலை, விளக்கு போட்ட பிறகு என்று மூன்று வேளையும் பார்க்க வேண்டும். பக்கத்தில் ஒருவரை நிறுத்தி அவர் முகத்தையும் பாருங்கள்.

ஏற்கெனவே நான்கு சுவரும் அடித்துவிட்டுத் தவிப்பவர்கள் உடனே பெயிண்டரைக் கூப்பிட வேண்டாம். முதலில் விளக்கை மாற்றுங்கள். பிறகு எதிரெதிர்ச் சுவர்களில் ஒவ்வொன்றை மட்டும், அதாவது அடுத்தடுத்த இரண்டு சுவரை, வெள்ளையாக்குங்கள். எந்தப் பச்சைச் சுவருக்கும் எதிரே பச்சை இல்லாமல் போனால் பெருக்கம் பெரும்பாலும் நின்றுவிடும். பச்சைமேல் நேராக இளநிறம் அடித்தால் அடிநிறம் எட்டிப்பார்க்கும். ஒரு கோட் பிரைமர் அவசியம்.

பழைய வீட்டின் பச்சை எனாமல் கதவு ஜன்னல்கள் மட்டும் வேறு எச்சரிக்கை கேட்கின்றன. பளிச்சென்ற மஞ்சளுக்கும் பச்சைக்கும் ஈயக் குரோமேட் கலப்பது நெடுங்கால வழக்கம். வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.-ஐத் தாண்டக் கூடாது என்ற இந்திய விதி 2016இல் அறிவிக்கப்பட்டு 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சை உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் ஈயத் தூசி தரையில் படியும், தவழும் குழந்தையின் கை வழியாக வாய்க்குப் போகும். உரியாமல் கெட்டியாக இருக்கும் பூச்சைச் சுரண்டாமல் மேலேயே அடித்துவிடலாம். தேய்த்தே ஆக வேண்டுமானால் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, வேலை முடியும்வரை குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் வேறிடத்தில் வைத்து, பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.